பூச்சி அண்ணனும் என் இடது கன்னமும்

கோச்சடையில் பாதிச் சவரத்தோடு தெருவில் நிற்காத ஆண்பிள்ளையே கிடையாது. எல்லாம் பூச்சி அண்ணன் உபயம்.

தொழில் என்னவோ சலூன்தான். ஆனால் வாசலில் ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டால் சவரக் கத்தி கீழே போய்விடும், முள்வாங்கி கைக்கு வந்துவிடும். குட்டியின் காதுக்குள் ஒளிந்திருக்கும் உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார். நுரைக் கிண்ணமும் அதன் பக்கத்திலேயே இருக்கும். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவன் பாடு திண்டாட்டம்தான். மனுசனையும் விடமாட்டார். உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈறு செவப்பா இருக்கு மாப்ள, ஒனக்கு வயித்துல பூச்சி இல்ல" என்று சர்டிபிகேட் கொடுப்பார்.

அன்றைக்கு நான் அலங்காநல்லூருக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். வலது கன்னம் முடிந்த நேரம் பார்த்து எதிர் டீக்கடைக்காரர் குட்டியோடு வந்தார்.

"வயிறு எம்புட்டு கும்முனு இருக்கு பாருங்கண்ணே. தெனம் பாலும் பன்னும்தான். காலைலருந்து எந்திரிக்கத்தான் மாட்டேங்குது."

அண்ணன் குட்டியின் உதட்டைத் தூக்கினார். ஈறு வெளுத்துக் கிடந்தது.

"பால் குடிச்ச வயிறு இல்லய்யா இது. உள்ள பூச்சி, வெளிய உண்ணி. ரெண்டும் சேந்து ரத்தத்த உறிஞ்சிருச்சு. மாப்ள, குட்டியத் தூக்கிட்டு சைக்கிள்ல ஏறு."

"அண்ணே, பொண்ணு பாக்கப் போகணும்ணே."

"பொண்ணு நாளைக்கும் இருக்கும். இது இருக்குமா?"

பாதிக் கன்னத்தை வைத்துக்கொண்டு யாரிடம் நியாயம் பேசுவது? புது வேட்டி மடியில் குட்டி, இடது கன்னத்தில் காய்ந்த நுரை. இந்தக் கோலத்தில் அண்ணன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மாட்டாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். டாக்டர் ஊசி போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்து, "நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார். கத்தி சலூனில் கிடந்தது, நேரமும் ஆகிவிட்டது. குட்டியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன்.

பெண் வீட்டில் எல்லார் கண்ணும் என் இடது கன்னத்திலேயே நின்றது. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். காப்பித் தட்டோடு நின்ற பெண் மட்டும், "குட்டி பொழச்சிருச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலைங்க."

"அப்ப போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நானும் அப்பவே சொல்றேன்."

மறுநாள் விடியும்போதே சலூனுக்கு ஓடினேன். நாற்காலிக்கு அடியில் குட்டி கஞ்சி நக்கிக்கொண்டிருந்தது. கண் சிவந்து உட்கார்ந்திருந்த அண்ணன், "உக்காரு மாப்ள, மிச்சத்தையும் முடிச்சிருவோம்" என்றார்.

அந்தப் பெண்தான் இப்போது எனக்குக் காப்பி கொடுக்கிறாள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் எந்தச் சலூனில் உட்கார்ந்தாலும், வலது கன்னம் முடிந்ததும் என் கண் வாசலுக்குப் போகிறது. யாரும் குட்டியோடு வருவதில்லை. இரண்டு கன்னமும் முழுசாகச் சவரம் ஆகிவிடுகிறது, எனக்குத்தான் மனசு நிறைவதில்லை.