மூலக்கொத்தளத்தில் வாங்கிய மண்டையோடு

தைரியசாலிகள்தான் கடல் கடந்து படிக்கப் போவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். அதைப் பொய்யாக்கவே பிறந்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து டாக்டர் படிப்புக்காக ராயபுரத்தில் வந்து இறங்கிய நாள் முதல் எனக்கு எல்லாமே பயம். டிராம் மணி பயம், துறைமுகத்துச் சங்கு பயம், எல்லாவற்றையும்விட ஊர்ப் பேச்சு பயம். "இன்னா நைனா, எய்ந்துட்டியா?" என்று பால்காரர் அன்பாகக் கேட்டதைச் சண்டைக்கு அழைக்கிறார் என்று நினைத்துக் கதவைத் தாழிட்டவன் நான். (என் தமிழைக் கேட்ட அவரோ என்னை மலையாளி என்று முடிவு கட்டியிருந்தார்.)

முதல் வாரமே ஆசிரியர் சொல்லிவிட்டார்: ஆளுக்கொரு எலும்புச் செட் வேண்டும், வீட்டில் வைத்துப் படிக்க வேண்டும். பழைய செட் ஒன்று மூலக்கொத்தளத்தில் தங்கியிருந்த சீனியர் மாணவரிடம் இருந்தது. ஒரு மாலை அதை வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் அறை இருந்தது சுடுகாட்டு மதிலை ஒட்டிய தெருவில். சாக்கைத் தோளில் போட்டதும் உள்ளே ஏதோ 'கடக்' என்றது.

ராயபுரம் போகும் ஜட்கா ஒன்றில் ஏறினேன். உள்ளே மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு அம்மாள், காலிக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெயர் கன்னியம்மா என்பது பிறகு தெரிந்தது.

"மூட்டையில இன்னா?" என்றாள்.

"ஒண்டுமில்லை, படிக்கிற சாமான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கட்டு அவிழ்ந்தது. மண்டையோடு உருண்டு போய், நேரே அவள் கூடைக்குள் குடியேறியது.

அவள் போட்ட கூச்சலில் குதிரை நின்றது. வண்டிக்காரர் குதித்து ஓடினார். கூட்டம் கூடியது.

"சுடுகாட்டுல தோண்டிகினு வந்துக்கீறான்டா!" என்றது ஒரு குரல்.

"இல்லை ஐயா! அது என்ரை மண்டை!" என்று கத்தினேன்.

"உன் மண்டை உன் கய்த்து மேல கீதே!"

"கொஞ்சம் பொறுங்கோ, நான் கதைக்கிறன்!"

"கதை சொல்றானாம்பா! அடி அவன!"

(எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. அதை விளக்க அது தோதான இடமில்லை.) சட்டையை இரண்டு கைகள் பிடித்தன. இன்றோடு என் கதை முடிந்தது, ஊரில் அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டேன். சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திராவிட்டால் எலும்புச் செட் இரண்டாகியிருக்கும்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "உன்னைத் தெரிந்தவர் யார்?" என்றார். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய அந்த மனிதர் வந்தார். மேசைமேல் இருந்த மண்டையோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவன் யார்னே எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

லாக்கப் கதவு திறந்தது. உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தூக்குத்தண்டனைக்கு முன் கப்பல் பயணத்துக்கு அனுமதி தருவார்களா என்றெல்லாம் யோசித்தேன். நல்லவேளை, இன்ஸ்பெக்டர் கல்லூரிக்கும் ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் ஆசிரியர் வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"புதுப் பையன்கள் முகம் எனக்கு இன்னும் பழகவில்லை" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் மண்டையோட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். "ஆனால் இவரைத் தெரியும். நாலு வருஷமாக என் வகுப்புக்கு வருகிறார்."

இப்படித்தான், அந்தப் பட்டணத்தில் எனக்கு ஜாமீன் நின்ற முதல் ஆள் ஒரு மண்டையோடு.

வெளியே வந்தால், என் டிரங்குப் பெட்டி ஏற்கெனவே தெருவில் கிடப்பதாகச் செய்தி. வாசலில் கன்னியம்மா, சாட்சிக்காகப் பிடித்து வைத்த தன் கூடைக்காகக் காத்திருந்தாள். நான் அழுவதைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குக் கண்ணு அழுவுற? வூடு இல்லன்னா இன்னா, எங்கூட்டுக்கு வா. ஆனா அந்தக் கலீஜ வூட்டுக்குள்ள இட்டாராத."

காசிமேட்டில் அவள் வீட்டுப் பக்கவாட்டு அறையில் படிப்பு முடியும்வரை இருந்தேன். எலும்புகள் வலை உலர்த்தும் கொட்டகையில் இருந்தன. அவள் மகன் ஆறுமுகம் கட்டுமரத்தில் போய் வந்ததும், "மண்டை சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவான்.

பல வருஷங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் என் மகளுக்குக் கல்யாணம். ஆறுமுகம் கருவாட்டு மூட்டையோடு கடல் தாண்டி வந்து, மணவறைக்கு முன்னால், சம்பந்திகள் எல்லாரும் பார்க்க என்னைக் கட்டிக்கொண்டான்.

"டாக்டரு! மண்டை சவுக்கியமா? இப்ப ஒண்ணும் பேஜாரு இல்லியே?"

சம்பந்தியம்மாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். நடந்ததைப் பலமுறை விளக்கிவிட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனாலும் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், என் இலையில் மட்டும் மூளைக்கு நல்லது என்று இரண்டு கரண்டி வல்லாரைச் சம்பல் விழுகிறது.