வடக்குப்பட்டில் பாப்பாவுக்குப் போட்ட பந்தல்

இந்தப் பூமியில் ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் ஐஸ் அண்ணாத்தவிடம் ஒரு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு பிறகு வந்து பேசலாம். தலைவருக்குப் பாலாபிஷேகம் செய்தவர்களையும் கிரிக்கெட் தோற்றதும் டிவியை உடைத்தவர்களையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் ஐஸை ஜூஸ் டம்ளரிலும் மீன் பெட்டியிலும் மட்டுமே பார்த்த ஒருவர், எங்கோ பனி கொட்டும் நாட்டில் ஐஸ் மேல் சறுக்கி ஆடும் ஒரு பெண்ணுக்காகத் தன் வேலையையே விடத் துணிந்தார் என்றால், அது ஒரகடத்தில்தான் நடந்தது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவர் மனைவி லில்லி அக்காவிடம் பேசிக்கொள்ளவும்.

எழுத வருவதற்கு முன்னால், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்தான் ஐஸ் அண்ணாத்த. முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் மஞ்சள் வண்டி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

எல்லாம் கேன்டீன் டிவியால் வந்த வினை. அதன் ரிமோட் தொலைந்துபோனதில், ஒரு விளையாட்டுச் சேனலிலேயே டிவி மாட்டிக்கொண்டது. ஒரு மத்தியானம் தயிர் சாதத்தோடு நிமிர்ந்தவர் கண்ணில் அந்தப் பெண் பட்டாள். எகிறிச் சுழன்றாள், தடுக்கி விழுந்தாள், எழுந்து அப்படியே சிரித்தபடி ஆட்டத்தை முடித்தாள். ஐஸ் அண்ணாத்தவின் கை தயிர் சாதத்திலேயே நின்றுவிட்டது.

"பாத்தியா? எவ்ளோ பேர் முன்னாடி வுயுந்துட்டு சிரிக்குது பாரு இந்தப் பாப்பா! நம்ம லைன்ல ஒரு போல்ட்டு கீய வுயுந்தா சூப்பர்வைசர் மூஞ்சி இன்னா கதியாவுது!"

பக்கத்து மேசையில் இருந்த சூப்பர்வைசர் முரளி சார் அப்போதும் அந்த மூஞ்சியைத்தான் வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அவள் பாப்பா. உண்மையான பெயர் அவர் வாயில் நுழையாது. நுழைய வைக்கப் பார்த்தபோது பல்செட் ஆடியதாக லில்லி அக்கா சொல்வார். பாப்பா ஒவ்வொரு பட்டமாக வாங்க வாங்க, அண்ணாத்தவும் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போனார். எதைப் பார்த்தாலும் மார்க் போடுவார். கேன்டீன் சாம்பாரைக் குடித்துவிட்டு, "டெக்னிக்கல்லாம் கரீட்டாத்தான் கீது, ஆர்ட்டிஸ்டிக் சுத்தமா இல்ல" என்பார். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து வரும் ஷேர் ஆட்டோ பள்ளத்தில் குதித்து எழுந்தால், டிரைவர் தோளைத் தட்டி, "எகிறுனது ஓகே, லேண்டிங் வீக்கு" என்பார். ஒரு கல்யாணத்தில் மணமகள் மேடையேறும்போது புடவை தடுக்கிச் சமாளித்துக்கொண்டாள் என்பதற்காக எழுந்து நின்று கைதட்டியதில், பெண் வீட்டார் எங்கள் பந்திக்குப் பாயசமே அனுப்பவில்லை.

பாப்பாவுக்கு மன்றமும் வைத்தார். அகில உலக ரசிகர் மன்றம், அவர் குடியிருந்த வடக்குப்பட்டு கிளை. தலைவர் அவர். செயலாளர் நான். உறுப்பினர், கட்டாயத்தின் பேரில், லில்லி அக்கா. போட்டி நாளில் இவர் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைப்பார், லில்லி அக்கா சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும்.

"நான் ரெண்டு புள்ள பெத்தேன். எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தியிருப்பியாய்யா?"

"நீ இன்னா ஐஸ் மேலயா பெத்த?"

ஆட்டம் முடிந்ததும் அந்த நாட்டு ரசிகர்கள் கரடி பொம்மைகளை ஐஸ் மேல் எறிவது வழக்கம். ஊரில் இருந்து எறிய முடியாதே என்று இவர் சோர்ந்துவிடவில்லை. பெங்களூர் ரோட்டோரம் விற்ற ஒரு பழுப்புக் கரடியை வாங்கி, பாப்பா ஆடி முடித்ததும் வீட்டு டிவியைப் பார்த்து எறிவார். அது டிவியில் பட்டு லில்லி அக்காவின் மடியில் விழும். அக்கா அதைத் துவைத்து, காதைப் பிடித்துக் கொடியில் தொங்கப் போடுவார். அடுத்த போட்டிக்கும் அதே கரடிதான். வடக்குப்பட்டில் கொடியில் கரடி காய்ந்தால் பாப்பா ஆடி முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் நாங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவரைப் போல ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது. கன்டெய்னருக்குள் பெட்டியை அவர் வைத்தால், வைத்த சத்தமே கேட்காது. பாதுகாப்பு வாரத்தில் வருடா வருடம் நடக்கும் ஃபோர்க்லிஃப்ட் போட்டியில் அவரைத் தவிர யாரும் ஜெயித்ததே இல்லை. பரிசு எப்போதும் ஹாட்பாக்ஸ்தான். அவர் வீட்டில் அரிசி, பருப்பு, ஊசி நூல், ரேஷன் கார்டு எல்லாமே ஹாட்பாக்ஸில்தான் இருக்கும். வருடத்தில் அந்த ஒரு நாள், மைக்கில் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் யார் அவரைக் கூப்பிட்டாலும், பெட்டியைத் தூக்கத்தான்.

வினை ஓர் ஆயுத பூஜை அன்று முற்றியது. ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. முரளி சார் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணாத்த, உங்க பாப்பா இன்னும் எத்தினி நாளைக்கு ஆடும்? அதுவும் ஒருநாள் ரிடையர் ஆவணும்ல?"

"பாப்பா நிறுத்துற அன்னிக்கு நானும் வண்டிய நிறுத்தி சாவிய உங்க கையில குடுத்துடறேன். இது சத்தியம்!" என்று எரியும் கற்பூரத்தின் மேல் ஓங்கி அடித்துவிட்டார். கற்பூரம் அணைந்தது. மொத்த டெஸ்பாட்சும் பொரியும் கடலையுமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை வாபஸ் வாங்க எங்கள் பக்கத்தில் வழியே கிடையாது.

நாங்கள் அதை மறந்துபோனோம். பாப்பா மறக்க விடவில்லை.

சென்ற வருடம் ஒரு நாள் டீ பிரேக்கில் அவர் போன் டிங் என்றது. பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போனை வாங்கிப் பார்த்தேன். பாப்பா கையசைக்கும் படமும், ஓய்வு பெறுகிறாள் என்ற தலைப்பும் இருந்தன. நான் நிமிர்வதற்குள் அவர் வண்டியை ஓரம் கட்டி, இரும்புக் கைகளைத் தரையில் இறக்கிவிட்டு, முரளி சார் உள்ளங்கையில் சாவியை வைத்துவிட்டார்.

"அண்ணாத்த, வெளயாட்டுக்கு சொன்னத போயி..."

"கற்பூரம் வெளயாட்டு இல்ல சார்."

நேராக அவர் போனது பேனர் கடை செல்வத்திடம். அழுகையில் பேச்சு வரவில்லை. போனில் இருந்த படத்தை நீட்டி, இரண்டு கையையும் அகல விரித்துப் பெரிய சைஸ் என்று காட்டிவிட்டு, அழுதுகொண்டே போய்விட்டார். செல்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஆள் அழுதுகொண்டு வந்து சின்ன வயதுப் பெண்ணின் படத்தைக் கொடுத்தால், அவர் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே டிசைன்தான்.

மறுநாள் காலை வடக்குப்பட்டு ஆட்டோ ஸ்டாண்டில் ஆளுயரத்துக்கு பேனர் நின்றது. 'கண்ணீர் அஞ்சலி.' இருபுறமும் குத்துவிளக்கு, மேலே இரண்டு புறா, நடுவில் பளபளக்கும் உடையில், ஒற்றைக் காலில், இரண்டு கையையும் விரித்தபடி பாப்பா. கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன், வடக்குப்பட்டு கிளை' என்று இருந்தது. மன்றம் தொடங்கியபோது போட்ட பேனரில் இருந்து எடுத்து, செயலாளர் என்று என் பெயரும் என் பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும்.

செய்தி கேட்டு முரளி சாரும் நானும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, அண்ணாத்த வீட்டு வாசலில் பந்தல் கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. நாலைந்து பேர் மாலையோடு நின்று, எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் ஒருவர் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா லில்லி அக்காவைக் கட்டிக்கொண்டு, "ஒத்தக் காலோட பொறந்து எம்மாம் கஷ்டப்பட்டுச்சோ அந்தப் பொண்ணு!" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"யோவ், எல்லாருக்கும் சொல்லுய்யா, பாப்பா குண்டுக்கல்லாட்டம் உசுரோட கீதுன்னு!"

அண்ணாத்த நடு நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கையைத் தொட, இவரும் தொட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"துக்கம் விசாரிக்க வந்தவுங்கள திருப்பி அனுப்பக் கூடாது லில்லி. எனக்கு துக்கம்தான. டீ குடு."

லில்லி அக்கா டீ போட்டார். ஹாட்பாக்ஸில் வைத்துத்தான் கொடுத்தார். ஆனால் அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டபோது அந்தக் குரலில் வேடிக்கை இல்லை. "தம்பி, பெரியவ ப்ளஸ் டூ. இந்தாளுக்கு வேற எந்த வேலையும் தெரியாது. சத்தியம்னு சொல்லிட்டா சாவுற வரைக்கும் மாற மாட்டாரு. எதுனா பண்ணுப்பா" என்றார்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முரளி சார் வேறு, லோடிங் குவிந்து கிடப்பதைப் பந்தலில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். புது ஆள் காலையிலேயே ஒரு பெட்டியின் வயிற்றில் இரும்புக் கையை விட்டு ஓட்டை போட்டுவிட்டாராம்.

"செயலாளரே, நம்மாளுங்க இன்னா எய்தியிருக்காங்கன்னு படி" என்றார் அண்ணாத்த. நம்மாளுங்க என்றால் உலகம் முழுக்க இருக்கும் பாப்பா ரசிகர்கள். மொழிபெயர்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு பெண் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாளாம். ஒரு பெரியவர், இனிமேல் குளிர்காலம் எதற்கு என்று கேட்டிருந்தார். ஒருத்தி, எங்கள் வீட்டில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் உச்சுக்கொட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா புதிதாகக் கண்ணைத் துடைத்தார்.

அடுத்ததைப் படித்தேன். "போட்டியில் இருந்து மட்டும்தான் ஓய்வு. இனி மார்க்குக்காக ஆட மாட்டாள், நமக்காக ஆடுவாள். ஊர் ஊராகப் போய் ஆடப்போகிறாளாம். அழாதீர்கள்."

அதுவரை தலைப்பைத் தாண்டி நாங்கள் யாருமே படித்திருக்கவில்லை. லில்லி அக்கா டீ ஹாட்பாக்ஸோடு என் பக்கம் வந்தார்.

"இன்னொரு தபா படி தம்பி."

படித்தேன்.

"யோவ், கேட்டியா? பாப்பா போட்டியத்தான் உட்டுது. ஆட்டத்த உடலியே! அது எத உட்டுச்சோ அத நீயும் உடு. உன் சத்தியம் தீந்துச்சு."

"நான் எந்தப் போட்டிக்குப் போறேன்?"

லில்லி அக்கா கையில் இருந்த பரிசு ஹாட்பாக்ஸைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணாத்தவின் முகம் அப்போது சுருங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேலையை விட்டபோதுகூட அவர் அப்படிச் சுருங்கவில்லை. அந்த ஒரு நாளையும் மைக்கையும் கைதட்டலையும் கேட்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. என் கையில் இருந்த போனை வாங்கி, அதில் பாப்பாவின் படத்தைப் பார்த்தார்.

"அதுக்கு மட்டும் கஷ்டமா இருந்திருக்காதா இன்னா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முரளி சாரிடம் கையை நீட்டினார். முரளி சார் சாவியைப் பையிலேயே வைத்திருந்தார். மேளக்காரர், வந்ததற்கு என்று, நல்ல அடியாக ஒன்று அடித்துவிட்டுப் போனார்.

அந்த வருட ஃபோர்க்லிஃப்ட் போட்டியைக் குடும்ப தினத்தோடு சேர்த்து வைத்தார்கள். வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் எல்லாம் லாரிகள் வந்து நிற்கும் யார்டைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாத்த போட்டியில் இல்லை. யாரோ ஜெயித்தார், ஹாட்பாக்ஸ் வாங்கினார். கைதட்டல் சுமாராக இருந்தது. அப்புறம் முரளி சார் மைக்கைப் பிடித்தார். "அடுத்து மார்க் இல்லாத ஒரு ஆட்டம்" என்று மட்டும் சொன்னார்.

மஞ்சள் வண்டி உள்ளே வந்தது. இரும்புக் கைகளின் மேல் ஒரு பலகை, பலகை மேல் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த ஒரு டம்ளர். வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே முன்னால் போனார், அதே வழியில் பின்னாலேயே வந்தார். நடு யார்டில் மெதுவாக ஒரு முழு வட்டம் திரும்பினார், திரும்பிக்கொண்டே பலகையை உயர்த்தி இறக்கினார். வண்டி பின்னால் நகரும்போது கூவுகிற பஸ்ஸர் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நிறுத்தி, பலகையைத் தரையில் வைத்தார். தண்ணீர் சிந்தவில்லை. கீழே இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, பாப்பா குனிவதைப் போலவே குனிந்தார்.

எல்லோரும் கைதட்ட ஆரம்பிப்பதற்குள், பெண்கள் வரிசையில் இருந்து பழுப்பாக ஏதோ பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. துவைத்துத் துவைத்து ஒரு காது நீண்டுபோன கரடி. லில்லி அக்கா கை ஓங்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.

அவ்வளவுதான். டெஸ்பாட்ச் முழுவதும் எழுந்துவிட்டது. எங்களிடம் கரடி ஏது? கையில் இருந்த வெள்ளைப் பருத்தி கிளவுஸைக் கழற்றிக் கழற்றி எறிந்தோம். யார்டு முழுக்க வெள்ளையாக விழுந்தது. யார்டில் எதையும் எறியக் கூடாது என்று தினமும் கத்தும் சேஃப்டி ஆபீசர், விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. அண்ணாத்த அதற்கு நடுவில் நின்று, கரடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்தவரைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து அவரவர் கிளவுஸைப் பொறுக்கிக்கொண்டார்கள். என்னுடையதில் ஒன்றை அண்ணாத்த சட்டைப் பையில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். மறுநாள் ஷிஃப்டில் ஒற்றைக் கிளவுஸோடுதான் வேலை செய்தேன், அதைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.