குப்பைமேனியை நிரூபித்தவர்

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சோதனையைத் தேடி அலையும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாமெல்லாம் ஒன்றைச் சோதித்துவிட்டு நம்புவோம், அல்லது சோதிக்கச் சோம்பல்பட்டு நம்புவோம். இவர்களோ முதலில் நம்பிவிட்டு, ஊரறியச் சொல்லிவிட்டு, எதிர்த்துப் பேசியவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் சாவகாசமாகச் சோதனையில் இறங்குவார்கள். சோதனை பாவம், என்ன செய்யும்? சொன்னபடி கேட்கும்.

பாளையங்கோட்டை அம்பலவாண பிள்ளை இந்த இனத்தைச் சேர்ந்தவர். டெல்லி தர்பார் நடந்த வருஷம், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து மைக்ராஸ்கோப்பு ஒன்றை வாங்கினார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே நோய்க்குக் காரணம் என்று பத்திரிகையில் படித்த அன்றே, அவற்றைக் கொல்லக்கூடியது குப்பைமேனிதான் என்று தீர்மானித்துவிட்டார். ஏன் குப்பைமேனி? அவர் வீட்டுக் கொல்லையில் அதுதான் மண்டிக் கிடந்தது.

அவருக்கு ஒரு சிநேகிதர், மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தேவசிகாமணி. அவரிடம்தான் யோசனை கேட்டார்.

"மொதல்ல கிருமிய வளக்கணும் அண்ணாச்சி. ஆட்டுக்கறிச் சாறுலதான் நல்லா வளரும்."

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! நம்ம வீட்டுலயா? ஏன், சொதியில வளராதோ?"

"சொதியிலயா?"

"தேங்காப்பால், பாசிப்பருப்பு, இஞ்சி... மாப்பிள்ளைக்கே மறுவீட்டுக்கு அதத்தான் வே ஊத்துதோம். கிருமிக்கு என்ன கொறச்சல்?"

பிள்ளையின் மனைவி நீலாம்பாள் சொதி வைத்துக் கொடுத்தாள். பிள்ளையின் குதிகாலில் முள் குத்திச் சீழ் வைத்த புண் ஒன்று இருந்தது. அந்தச் சீழை இரண்டு கிண்ணம் சொதியில் கலந்தார். ஒன்றில் மட்டும் குப்பைமேனியை வேரோடு அரைத்துப் பிழிந்த சாற்றை விட்டார். இரண்டையும் ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் தேவசிகாமணி வந்தபோது, சாறு விடாத கிண்ணம் தெருக்கோடி வரை நாறியது. சாறு விட்ட கிண்ணமோ பளபளவென்று மின்னியது. பிள்ளை அதைத் தடவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துவிட்டுக் குதித்தார்.

"ஒண்ணுகூட இல்ல வே! வம்சமே அழிஞ்சுபோச்சு!"

"அண்ணாச்சி, சொதியையும் காணலையே?"

"பாத்தீரா, கிருமி குடியிருந்த எடத்தக்கூட விட்டுவைக்கல!"

"பூனை நக்கியிருக்கு அண்ணாச்சி. அந்தா, மீசையில பருப்பு ஒட்டியிருக்கு பாருங்க."

ஜன்னலில் ஒரு பூனை உண்ட களைப்பில் கண்ணை மூடிக் கிடந்தது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு; அதன் வேர் வாசனைக்குப் பூனைகள் கிறங்கிப் புரளும். பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். அதற்காக, தெரிந்ததையெல்லாம் சோதனைக்குள் விட முடியுமா?

"அது சொந்தக் காரியமா வந்திருக்கு," என்றார்.

"சரி, அந்தப் புண்ணக் கீறிக் கழுவி, கார்பாலிக் போட்டுருவோம். வீக்கம் கூடுதே."

"நிரூபிச்ச மருந்து இருக்கையில வேற மருந்து எதுக்கு வே?"

குதிகாலில் குப்பைமேனி விழுதை அப்பிக்கொண்டு, நொண்டியபடியே ஊர்ச் சத்திரத்துக்குப் போய், கிருமி நாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தெருப் பூனைகளெல்லாம் பின்னாலேயே வந்து மேடையேறி அவர் காலடியில் உருண்டன. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிள்ளை அசரவில்லை. "வாயில்லாச் சீவனுக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியலையே!" என்று அதட்டினார்.

கால் முழங்கால் வரை வீங்கியது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதும் அவர் விழுது கேட்டார். நீலாம்பாள் விழுதுச் சட்டியைக் கொல்லையில் வீசினாள்.

"ஒங்க நிரூபணத்துக்கு ஒரு காலு போதும். எனக்கு ரெண்டும் வேணும்!" என்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பினாள்.

டாக்டரோடு தேவசிகாமணியும் ஓடிவந்தார். பிள்ளை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"காலை எடுத்துருவாங்களோ, சிகாமணி?"

அதில் வழக்கமான 'வே' இல்லை.

"எடுக்க விட மாட்டேன் அண்ணாச்சி. பைய மூச்சு விடுங்க."

டாக்டர் புண்ணைக் கீறிச் சீழை வெளியேற்றினார். அன்றுமுதல் தேவசிகாமணி விடியுமுன் வந்து, கார்பாலிக் கலந்த நீரால் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டே வேலைக்குப் போனார். கால் பிழைத்தது.

கட்டை அவிழ்த்த அன்று பிள்ளை தரையில் காலை அழுத்தி ஊன்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"குப்பைமேனி வேலை செஞ்சிருக்கு வே! கொஞ்சம் தாமசம், அவ்வளவுதான்."

"அப்ப கார்பாலிக்?"

"அது குறுக்க விழுந்து தடுக்கப் பாத்துது. முடியல."

தேவசிகாமணி சிரிக்கவும் மனமில்லாமல், கோபிக்கவும் மனமில்லாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். உங்கள் அத்தானோ, ஆபீஸ் மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ. 'அச்சு அசல் அவரேதான்' என்று சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அவர்தான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? சோதித்தா?