லிங்கசாமியை விட மாட்டோம்

மூன்றாவது முறை படித்தபோதும் மெயிலில் அதே இரண்டு வரிதான் இருந்தது. "கிளீனர் லிங்கசாமியை இம்மாத இறுதியோடு பணியிலிருந்து விடுவிக்க உத்தேசித்துள்ளோம். குன்னூர் கிளைக்கு ஆட்சேபனை இருப்பின் மூன்று நாட்களுக்குள் காரணத்துடன் தெரிவிக்கவும்." கீழே மனிஷா, பணியாளர் பிரிவு, தலைமை அலுவலகம், மேட்டுப்பாளையம் என்று போட்டிருந்தது.

"இருப்பினாமே," என்றாள் சுகந்தி, கம்ப்யூட்டரைப் பார்த்து. "இல்லாம?"

செங்காந்தள் டிரான்ஸ்போர்ட்டின் குன்னூர் கிளை என்பது ஒரு அறை, ஒரு ஷெட், மூன்று லாரி. சுகந்தி அங்கே புக்கிங் கிளார்க். மேனேஜர் என்றும் ஒருவர் இருந்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் லீவில் மலையிறங்கிப் போனவர் இன்னும் ஏறி வரவில்லை. அவர் வேலையையும் சுகந்திதான் பார்த்தாள்.

லிங்கசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. தலை முழுக்க நரைத்த பிறகும் லாரித் தொழிலில் கிளீனர் கிளீனர்தான். அந்தப் பெயரை வைத்தவன் ஒரு நாளாவது மலைப்பாதையில் லாரி ஏறியிருக்க மாட்டான். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் டார்ச் லைட்டோடு முன்னால் நடந்து வளைவைக் காட்ட வேண்டும். தேயிலை மூட்டைகளுக்கு மேல் தார்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் லிங்கசாமி கட்டிய தார்பாய்க்குக் கீழே ஒரு மூட்டை நனைந்ததில்லை.

சுகந்திக்கு அவர்மேல் இருந்த மரியாதைக்கு வேறொரு காரணமும் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஷெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தலைமை அலுவலகத்தில் கேட்டதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். லிங்கசாமி யாரையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு லோடுமேன்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய பலகையும் தகரமும் வைத்துக் கட்டி முடித்து, திங்கட்கிழமை காலையில் சாவியை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தலைமை அலுவலகம் சொன்ன அந்த அடுத்த வருடம் இன்றுவரை வரவில்லை.

அப்படிப்பட்ட ஆளை விடுவிக்கிறார்களாம்.

டிரைவர் பொன்ராஜையும் மெக்கானிக் லெஸ்லியையும் கூப்பிட்டு மெயிலைக் காட்டினாள். ஷெட்டில் கிழிந்த சாக்கு தைத்துக்கொண்டிருந்த கருப்பம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். நாலு பேரும் சேர்ந்து இரண்டு முடிவு எடுத்தார்கள். ஒன்று, எதிர்த்து எழுதுவது. இன்னொன்று, விஷயம் லிங்கசாமியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது.

"தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிருவாருங்க," என்றார் பொன்ராஜ். "நீங்க எழுதுங்க. படிக்கறவங்களுக்கு உறைக்கற மாதிரி எழுதுங்க."

அவர் சொல்லி முடிக்கவும் லிங்கசாமியே உள்ளே வந்தார். லெஸ்லி சட்டென்று கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"மேட்டுப்பாளையத்துல இருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா, அம்மிணி?"

"ஒண்ணும் வரலீங்களேண்ணா."

லிங்கசாமி முகம் வாடி வெளியே போனார். சுகந்தி அந்த முகத்தைப் பார்த்தாள். பாவம், யாரோ அரசல்புரசலாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

கோபத்தில் எழுதினால் கை தாராளமாகப் போகும். கட்டை வைப்பவர் லிங்கசாமி, தார்பாய் கட்டுபவர் லிங்கசாமி என்பதோடு நிறுத்தியிருக்கலாம். கிளம்பும் முன் பிரேக்கைச் சரிபார்ப்பவரும் லிங்கசாமியே, பனியில் அவர் காட்டாவிட்டால் டிரைவருக்குக் கண்ணே தெரியாது, சுருக்கமாகச் சொன்னால் இந்தக் கிளையே அவர் ஒருவரால்தான் ஓடுகிறது என்று முடித்து அனுப்பிவிட்டாள்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. பிரேக்கை கிளீனரே சரிபார்ப்பதாகத் தெரிவித்துள்ளீர்கள். அவ்வாறெனில் மெக்கானிக் லெஸ்லியின் பணி என்ன என்று விளக்கவும்.

லெஸ்லி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே அதைப் படித்தார். "அப்ப நான் ஷெட்டுக்கு வாட்ச்மேனா மேடம்?"

சுகந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். லெஸ்லியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். அதில் ஒன்றும் பொய்யில்லை. வண்டி எந்த வளைவில் நின்றாலும் போனை இஞ்சின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். கிறிஸ்துமஸ் அன்று காலையில், போட்டிருந்த புதுச் சட்டையோடு பர்லியாருக்கு இறங்கிப் போய் வண்டியைக் கிளப்பிவிட்டு வந்த ஆள். எல்லாம் சரிதான். கடைசி வரியில்தான் சறுக்கினாள். ஒருவர் காட்டுவதாலும் இன்னொருவர் சரிசெய்வதாலும் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலே போதும் என்று எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை பதில் வந்தது. டிரைவர் பொன்ராஜுக்குக் கண் தெரியாது என்று முதல் கடிதத்திலும், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது மட்டுமே அவர் பணி என்று இரண்டாவதிலும் தெரிவித்துள்ளீர்கள். அவருடைய கண் பரிசோதனைச் சான்றிதழை உடனே அனுப்பவும்.

பொன்ராஜ் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

"பத்தொம்பது வருசமா ஒரு கீறல் விழாம ஓட்டறேன். எனக்குக் கண்ணு தெரியாதுன்னா எழுதுனீங்க?"

"பனியிலன்னுதான் எழுதினேன்."

"பனியில யாருக்குங்க தெரியும்? தெரிஞ்சா அது பனியா?"

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு டீ தேவைப்பட்டது. இதற்கிடையில் லிங்கசாமி மறுபடியும் வந்து, கடுதாசி ஏதும் வந்ததா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் பெருமூச்சு விட்டபடி கட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போனார்.

மூன்றாவது கடிதம் பொன்ராஜின் கடிதம். முழு லோடோடு மலையிறங்கும்போது அவர் இரண்டாவது கியரை விட்டு மாற மாட்டார் என்று எழுதினாள். பிரேக்கை மிதித்து மிதித்துப் புகைய விடுவது டூரிஸ்ட்காரர்களின் வழக்கம், பொன்ராஜ் வண்டியில் அந்த வாசனையே வந்ததில்லை என்று எழுதினாள். மண்சரிவில் சாலை அடைபட்டு ஒரு பகலும் ஓர் இரவும் நின்றபோது, பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் இருந்த குழந்தைகளுக்குத் தன் ஸ்டவ்வில் பால் காய்ச்சிக் கொடுத்தார் என்றும் எழுதினாள். இந்த முறை யாரையும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாதே என்று வரிக்கு வரி பார்த்தாள். இவர்கள் மூவரும் இருக்கும்வரை கிளை தானாகவே நடக்கும் என்று நிறைவாக முடித்தாள்.

பதில் ஒரே வரி. கிளை தானாகவே நடக்கும் எனில், கிளார்க்கின் பணி என்ன?

சுகந்தி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் வரிசையாக இன்னும் இரண்டு பேரைக் கோத்துவிட்டு, கடைசியில் தானும் போய் நின்றுகொண்டாயிற்று. பயந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் அவளுக்கு வந்தது கோபம்தான்.

"நான் எழுத மாட்டேன்," என்றாள். "என்னைப் பத்தி நானே எழுதறதாவது."

கருப்பம்மா ஊசியை சாக்கில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீ எந்திரி. நாங்க சொல்றோம், அந்தத் தம்பி எழுதட்டும்."

லெஸ்லி கிரீஸ் விரலைத் துடைத்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். எந்த எஸ்டேட் பேக்டரியில் இன்றைக்கு எத்தனை மூட்டை தயார் என்று நோட்டைப் பார்க்காமல் சுகந்திக்குத் தெரியும் என்றார் பொன்ராஜ். மழை வலுத்தால் டிரைவர்கள் வீட்டுக்கு இவளே போன் செய்து, வண்டி இன்ன இடத்தில் பத்திரமாக நிற்கிறது, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள் என்றார். மேனேஜர் இல்லாததே எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது என்றும் போடச் சொன்னார். கருப்பம்மா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். சாக்கு தைக்கிறவளுக்கும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன முதல் ஆபீஸ்காரி இவள்தான்.

சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் இதையெல்லாம் யாரும் அவளிடம் சொன்னதில்லை. மற்றவர்களிடமும் அவள் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலைமை அலுவலகம் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்காவிட்டால் இவர்களைப் பற்றி இத்தனை பக்கம் அவள் எழுதியிருக்கப் போவதுமில்லை.

கடைசிப் பத்தியை அவளே சொன்னாள். "லிங்கசாமியை விட மாட்டோம். அவரை அனுப்புவதானால் எங்கள் நாலு பேரையும் சேர்த்தே அனுப்புங்கள். நம்பிக்கை இல்லையென்றால் நேரில் வந்து பாருங்கள். காரில் வர வேண்டாம். எங்கள் லாரியில் வாருங்கள்." மூன்று பேர் கையெழுத்தும் கருப்பம்மாவின் கைநாட்டும் போட்டு, படம் எடுத்து அனுப்பினார்கள்.

இந்த முறை பத்து நிமிடத்தில் பதில் வரவில்லை. மாலைதான் வந்தது. நாளை வருகிறேன், லாரியிலேயே வருகிறேன் என்று மனிஷா எழுதியிருந்தாள்.

மறுநாள் உர மூட்டை லோடோடு பொன்ராஜின் லாரி ஷெட்டுக்குள் வந்து நின்றபோது, முன்சீட்டிலிருந்து இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி தள்ளாடி இறங்கினாள். ஏறி வந்த இரண்டரை மணி நேரமும் மேடம் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் வாந்தி வரும் நிலை என்றார் பொன்ராஜ். நடந்ததையும் அவர்தான் சொன்னார். பர்லியாருக்கு மேலே மழையும் பனியும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. முன்னால் போன டூரிஸ்ட் வேன் வளைவு நடுவில் நின்றுவிட்டது. இவர்களும் நிறுத்த, லோடு பின்னுக்கு இழுத்து வண்டி ஒரு சாண் நழுவியது. மனிஷா கத்துவதற்கு வாயைத் திறக்கும் முன் லிங்கசாமி குதித்து இறங்கிக் கட்டையை வைத்துவிட்டார். பிறகு நாலு வளைவுக்கு மழையில் நனைந்தபடி டார்ச் லைட்டோடு முன்னால் நடந்தார்.

கருப்பம்மா கொடுத்த டீயைக் குடித்த பிறகுதான் மனிஷாவுக்குப் பேச்சு வந்தது.

"இதை முப்பத்தோரு வருஷமா தினமும் செய்யறாரா?"

"தினமும்," என்றாள் சுகந்தி.

"எனக்குக் காகிதத்துல வந்தது ஒரு பேரு, ஒரு தேதி. அதை வெச்சுக்கிட்டு நான் உங்களை எல்லாம் கேள்வி கேட்டுட்டு இருந்தேன்." காலி டம்ளரைக் கீழே வைத்தாள். "மன்னிச்சிடுங்க. எல்லாரும்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மேலதிகாரியிடம் மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசினாள். உர மூட்டையை இறக்கி முடிப்பதற்குள் உத்தரவு மெயிலில் வந்து விழுந்தது. சுகந்தி அதை உரக்கப் படித்தாள். குன்னூர் கிளையின் ஆட்சேபனை முழுமையாக ஏற்கப்பட்டது. திரு. லிங்கசாமியின் அருஞ்சேவையைப் பாராட்டி, அவரை எக்காரணம் கொண்டும் விடுவிப்பதில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது. அவர் மேலும் இரண்டு ஆண்டுகள் பணியில் தொடர்வார்.

பொன்ராஜ் லாரியில் ஏறி ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. கருப்பம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெஸ்லி லோடுமேன்களுக்கெல்லாம் கை கொடுத்தார். தலைமை அலுவலகத்தை எதிர்த்து நின்று குன்னூர் கிளை ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு, ஈரத் தார்பாயை மடித்துக்கொண்டிருந்த லிங்கசாமி மெதுவாக நடந்து வந்தார். சுகந்தி அவர் கையைப் பிடித்து ஒரு மூட்டைமேல் உட்கார வைத்தாள். மூன்று நாளாக மறைத்ததையும், எழுதிய கடிதங்களையும், நாலு பேரும் வேலையைப் பணயம் வைத்ததையும், இப்போது வந்த உத்தரவையும் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க லிங்கசாமியின் முகம் வெளிறிக்கொண்டே போனது. தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். இரண்டு முழங்காலையும் கைகளால் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"சந்தோசத்துல பேச்சே வரலீங்களாண்ணா?" என்றாள் சுகந்தி.

லிங்கசாமி மனிஷாவைப் பார்த்தார். மலைப்பாதை இருந்த பக்கம் பார்த்தார். பிறகு சுகந்தியைப் பார்த்து, யாரையும் நோகடிக்காத குரலில் சொன்னார்.

"உங்ககிட்டச் சொன்னா விட மாட்டீங்கன்னுதானுங்க அம்மிணி, என்னைய ஊட்டுக்கு அனுப்பிருங்கன்னு நேரா மேட்டுப்பாளையத்துலயே எழுதிக் குடுத்தேன்."