மெட்டுக்கு மூன்று சொந்தக்காரர்

தன் மெட்டை இன்னொருவன் பாடும்வரைக்கும் எவனுக்கும் அது அவ்வளவு நல்ல மெட்டென்று தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. வன்னியில், கண்டாவளைப் பக்கத்தில் எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு பொங்கல் விழாவுக்கு ஒரு பாட்டுக் கேட்டது. எழுதினேன், நானே மெட்டும் போட்டேன், வயல் வரம்பில் நின்று பாடிப் பதிவுசெய்து யூடியூப்பில் ஏற்றினேன். பார்த்தவர்களில் பாதிப்பேர் என் மனைவி வசந்தி. (மற்றப் பாதி நான்.)

அந்த மெட்டு வந்த விதத்தை, கேட்காதவர்களுக்கும் அந்த நாட்களில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விடியற்காலை. நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடக்கிறேன். ஈர வைக்கோல் மணக்கிறது, குளத்துக் காற்று யன்னலைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. எங்கோ தூரத்தில், மண்ணுக்கு அடியிலிருந்து கசிகிற மாதிரி, ஒரு மெட்டு. கிட்ட வருகிறது. என் தலைமாட்டில் கொஞ்சம் நிற்கிறது. பிறகு, கோபித்துக்கொண்ட பெண்ணைப்போல, மெல்ல விலகிப் போய்விடுகிறது. துள்ளி எழும்பி அதைப் பிடித்தேன். இழுத்தேன், வளைத்தேன், நெளித்தேன். பாடி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

வசந்தி பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். பாடிக் காட்டினேன்.

"எங்கயோ கேட்ட மாதிரிக் கிடக்கு."

"நல்ல மெட்டெல்லாம் அப்பிடித்தான். போன பிறப்பில கேட்டிருப்பாய்."

"பாண் காயுது. சாப்பிடுங்கோ."

வசந்தியின் தம்பி தயாளன் நெடுங்கேணியில் இருக்கிறான். கீபோர்ட் வாசிப்பான். நான் பாட்டை ஏற்றிக் கொஞ்ச நாளில் தன் விளையாட்டுக் கழகத்துக்கு அவனும் ஒரு பாட்டு ஏற்றினான். கேட்டேன். என் மெட்டு. அதே ஏற்றம், அதே இறக்கம், நான் அழவேண்டிய இடத்தில் அவன் மேளம் அடித்திருந்தான். அதுகூடப் பரவாயில்லை. நெடுங்கேணி முழுவதும் அதைப் பார்த்திருந்தது. உடனே போன் எடுத்தேன்.

"தயாளன், உந்த மெட்டை எங்க எடுத்தனீ?"

"எங்கயும் எடுக்கேல்லை அத்தான். தானா வந்தது."

"எனக்கு வந்தது உனக்கு எப்பிடி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். எனக்கு வந்தது உங்களுக்கு எப்பிடி வந்தது?"

யூடியூப்பிடம் முறையிட்டேன். உங்கள் படைப்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்ட இடத்தில், 'விடியற்காலையில் வன்னி மண் எனக்குத் தந்தது' என்று எழுதினேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.) அவனுடைய பாட்டு மறைந்தது. அவன் சும்மா இருப்பானா? பதிலுக்கு அவனும் முறையிட்டான். என்னுடையதும் மறைந்தது.

அதோடு நின்றிருந்தால் நட்டமில்லை. பொங்கல் கழிந்த கையோடு தயாளனுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு அருகில் தலைப்பாவோடு தோழனாக நிற்கவேண்டியவர் அக்காவின் புருசன், அதாவது நான். தலைப்பாகூட அளவு பார்த்தாகிவிட்டது.

"தம்பி வேற ஆளைத் தோழனாப் பாக்கிறானாம்," என்றாள் வசந்தி. "என்ர மனுசன் சனத்தோட சனமாக் கதிரையில இருக்க, வேற ஆரோ தலைப்பாவோட நிக்கிறதோ? கேக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

"இது பாட்டுப் பிரச்சினை இல்லை வசந்தி. உரிமைப் பிரச்சினை."

"அப்ப உரிமையை அவிச்சுச் சாப்பிடுங்கோ. நான் நெடுங்கேணிக்குப் போறன்."

போய்விட்டாள். எனக்கு அவிக்கத் தெரியாது.

விசயம் கமக்காரர் அமைப்புத் தலைவர் துரைராசா அண்ணையின் காதுக்குப் போனது. எந்த வயலுக்கு எந்த நாள் வாய்க்கால் தண்ணீர் என்று முறை வகுப்பவர் அவர். மண்வெட்டியோடு வருகிறவர்களையே தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிற ஆள். "தண்ணி வழக்கே தீர்த்தனான். பாட்டு வழக்கு என்ன பெரிய வழக்கோ," என்று எங்கள் இருவரையும் ஒரு பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்துக்கு வரச்சொன்னார். பொங்கல் விழாவுக்காக அன்றுதான் தெரு நீளத்துக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தயாளன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் வசந்தி. என்னைப் பார்க்காமல் இறங்கிக் கதிரையில் இருந்தாள்.

"மெட்டு ஆரின்ர வயலுக்கு முதல் பாய்ஞ்சது?" என்றார் அண்ணை.

"எனக்கு," என்றோம் இருவரும்.

"அப்ப மூத்தவர் பாடட்டும். சொல்லை விட்டிட்டு மெட்டை மட்டும் பாடும்."

மைக்கைப் பிடித்தேன். கண்ணை மூடினேன். லா என்று தொடங்கி, வாய்க்கால் வளைவுகள் எல்லாவற்றிலும் வளைந்து, ஒரு வரி முடிவதற்குள் கொக்குகள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன.

"தம்பி, பொழுதுபடப் போகுது. கெதியாய்ப் பாடும்."

கெதியாய்ப் பாடினேன்.

"இன்னும் கெதியாய்."

லல லல்லா, லல லல்லா என்று ஓட்டமாய்ப் பாடினேன். கண்ணைத் திறந்தால் வாசலில் எதிர்வீட்டுப் பவளம் அக்கா நிற்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஒரு கிழவர், சில பிள்ளைகள். என் பாட்டு ஊரையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நெஞ்சு விம்மியது. பாடியபடியே கும்பிட்டேன். கும்பிட்ட பிறகுதான் கவனித்தேன், எல்லோர் கையிலும் ஷொப்பிங் பை.

"எங்க நிக்குது?" என்றார் பவளம் அக்கா.

"எது அக்கா?"

"பாண் ஓட்டோ."

(எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு: பேக்கரிப் பாண் ஓட்டோவில் வீதி வீதியாக வரும். கூரையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் ஒரே ஒரு மெட்டு, திரும்பத் திரும்ப. விடியவும் வரும், பின்னேரமும் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பது காது இல்லை, கால். அது தானாக வாசல் கேற்றடிக்குப் போய்விடும்.)

நான் தயாளனைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான். வசந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அந்த நேரம் பார்த்து உண்மையான ஓட்டோ, அதே லல லல்லாவோடு, வழக்கத்தைவிட வேகமாக வந்து வாசலில் நின்றது. பாண்காரர் குதித்து இறங்கினார்.

"ஆர் இஞ்ச என்ர ஏரியாவுக்குள்ள பூந்து பாண் விக்கிறது?"

துரைராசா அண்ணை என்னைக் காட்டினார். "ஒருத்தரும் பாண் விக்கேல்லை. இவர் மெட்டுக்குச் சொந்தக்காரர். அவரும் சொந்தக்காரர்."

"அது என்ர மெட்டெல்லோ. நானெல்லோ இவ்வளவு காலமாப் போடுறன்."

"நீர் போட்ட மெட்டோ?"

பாண்காரர் ஓட்டோக் கூரையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "பெட்டி வாங்கேக்க உள்ளுக்கு இருந்தது."

"நெடுங்கேணிக்கும் நீர்தான் போறனீரோ?"

"அங்க என்ர மச்சான் போறவர். ரெண்டு பெட்டியும் ஒரே கடையில வாங்கினது."

அண்ணை தலையாட்டினார். "அப்ப இது மேலயிருந்து வாற தண்ணி. ஒருத்தருக்கும் உறுதிப் பத்திரம் கிடையாது. முறை வைச்சுப் பாய்ச்சுங்கோ. விடியவும் பின்னேரமும் பாண்காரர். மிச்ச நேரம் நீங்கள் ரெண்டுபேரும். ஆனா பொங்கலுக்கு வேண்டாம். சனம் பானையை விட்டிட்டுக் கேற்றடிக்கு ஓடும்."

வெளியில் வந்ததும் தயாளன் மெதுவாகக் கேட்டான்: "வன்னி மண் தந்ததெண்டோ அத்தான் எழுதினீங்கள்?"

"நீ என்ன எழுதினாய்?"

"கனவில வந்ததெண்டு."

அதற்குமேல் இருவருக்கும் சிரிக்காமல் நிற்க முடியவில்லை. வசந்தி இரண்டு றாத்தல் பாணோடு வந்தாள். "தலைப்பாவை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். எலி வெட்டுறதுக்குள்ள கலியாணத்தை முடியுங்கோ," என்றாள்.

முடிந்தது. நான்தான் தோழன். மாப்பிள்ளையோடு தலைப்பா அணிந்து காரைவிட்டு இறங்கியபோது நாதஸ்வரக்காரர் எங்களை வரவேற்று வாசித்தது எந்த மெட்டென்று சொல்லத் தேவையில்லை. ஏற்பாடு யாருடையது என்பது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற வசந்தியைப் பார்த்ததும் தெரிந்தது. நெடுங்கேணி முழுவதும் சிரித்தது. எங்களுடைய ஆட்கள் சிலர் பழக்கதோசத்தில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

இன்றைக்கும் விடியற்காலையில் அந்த மெட்டு தூரத்திலிருந்து வரும். "இஞ்சருங்கோ, உங்கட பாட்டு வருது," என்று வசந்தி என்னை எழுப்பி அனுப்புவாள். பாண்காரர் பாணைத் தந்துவிட்டு, "இது பாட்டுக்காரருக்கு," என்று ஒரு இனிப்புப் பணிஸ் தனியாக நீட்டுவார். இத்தனை காலம் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த ஒரேயொரு உரிமைத்தொகை அதுதான். தயாளன் வந்து நிற்கிற நாட்களில், வசந்தி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, அதிலும் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும்.