சந்தனம் பூசிய டேப்லெட்

மலேசியாவின் சுங்கை ஊடாங் வட்டாரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரின் வாயைத் தடவி அதன் அளவைச் சொல்லக்கூடிய ஒரே மனிதப்பிறவி எங்கள் சாவிக்கொத்து அக்காதான். மறுப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

எண்ணெய் ஆலைகளில் பழுதுபார்க்கும் வேலை எடுக்கும் கம்பெனி எங்களுடையது. அதன் கருவி ஸ்டோருக்கு அக்கா ராணி. இடுப்பில் முப்பது சாவி. அவர் வருவது முதலில் காதுக்குக் கேட்கும், அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆறடி வெல்டராக இருந்தாலும் சுத்தியலைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தால், "வீட்டுல சோத்துத் தட்டையும் இப்படித்தான் போடுவியா?" என்று திட்டு விழும்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு டேப்லெட் நடுங்க வைத்தது. இனி எல்லாக் கருவியும் அதன் கேமராவில் ஸ்கேன் ஆகித்தான் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு. சொல்லிக்கொடுக்க, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான என்னை அனுப்பினார்கள். முதல் நாள் அக்கா முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

"எதுக்குக்கா இது?"

"கரண்டு சாமான் தம்பி. நீ வேணும்னா சாவு."

ரப்பர் கையுறையோடு தட்டினால் திரை அசையுமா? பத்துத் தட்டுத் தட்டிவிட்டு, "பாத்தியா? அதுக்கு என்னைப் பிடிக்கல லா" என்று ஜெயித்த முகத்தோடு அதை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிவிட்டார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் சோதனை; தேறாவிட்டால் அக்கா கேண்டீனுக்கு, ஸ்டோருக்கு வேறு ஆள் என்றார். அன்று அக்கா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் தோட்டத்துப் பள்ளியில ஆறாவது வரைக்கும்தான் தம்பி. எதையாவது அமுக்கி மொத்த ஸ்டோரும் அழிஞ்சி போச்சின்னா? எல்லாரும் சிரிப்பானுங்க."

இந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் ஸ்டோரில் ஒவ்வொரு கருவிக்கும் அக்கா கையால் சந்தனம், குங்குமம் உண்டு. புதிதாக வந்ததை மட்டும் விடலாமா? பயந்து பயந்து டின்னிலிருந்து எடுத்தார். முன்பக்கக் கண்ணாடியைத் தொடத் தைரியமில்லை. பின்பக்கம் பொட்டுக்கென்றே செய்தது மாதிரி ஒரு குட்டி வட்டம் இருந்தது. அங்கே வைத்துவிட்டார்.

அதுதான் கேமரா. மறுநாள் ஒரு சாமானும் ஸ்கேன் ஆகவில்லை. இரண்டு நாள் ஸ்டோரே ஸ்தம்பித்தது. "நான்தான் கொன்னுட்டேன்" என்று அக்கா அழுதேவிட்டார். மலாக்காவிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் வந்தார். திருப்பிப் பார்த்தார். காய்ந்த சந்தனத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். டேப்லெட் 'பீப்' என்றது.

"அவ்ளோதானா? துடைச்சா சரியாயிருமா?" அக்கா என்னைப் பார்த்தார்.

"அவ்ளோதான்க்கா."

"அடச்சீ! இதுக்கா நான் இத்தன நாளா தூங்கல? கிரீஸ் அடைச்ச கிரைண்டர எத்தன தடவ பிரிச்சி மாட்டியிருக்கேன்!" கையுறை இரண்டும் பறந்துபோய் மூலையில் விழுந்தன.

அப்புறம் அந்த டேப்லெட் பட்ட பாடு இருக்கிறதே! வேண்டுமென்றே தப்பாக அமுக்குவார். பிறகு தானே வழி தேடித் திரும்பி வருவார். வந்ததும் எனக்குப் போன் போட்டுப் பெருமையடிப்பார். ஒரு நாளைக்கு நாற்பது போன்.

சோதனை நாளில் மேனேஜர் முன்னால் மளமளவென்று ஸ்கேன் செய்துகொண்டே வந்தவர், பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். திரையில் 'நல்ல நிலை' என்று இருந்தது.

"இது தப்பு சார். கொக்கி விரிஞ்சிருக்கு, பாருங்க. இதுல பாரம் தூக்கினா கீழ நிக்கிறவன் போயிருவான்."

மேனேஜர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே நான்கு தட்டில் அதைப் 'பழுது' என்று மாற்றிவிட்டு, "நாம சொன்னாத்தான் இதுக்குத் தெரியும், பாவம்" என்றார்.

இப்போது எங்கள் மலாக்கா கிளையில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே அக்காதான். போன மாதம் போய்ப் பார்த்தேன். முப்பது பேர், அதில் நான்கு என்ஜினியர்கள். தமிழும் மலாயும் கலந்து வெளுத்து வாங்கினார். "அமுக்குங்க லா! உலகம் ஒன்னும் முழுகிறாது!"

முடிக்கும்போது கடைசி வரிசையிலிருந்த என்னைக் காட்டி, "அவருதான் என் வாத்தியாரு" என்றார். பச்சைப் பொய். அவராகவேதான் கற்றுக்கொண்டார். அதைச் சொல்லத்தான் எழுந்தேன். கையை மட்டும் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.