ஆறு கிலோ நெத்திலி

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சுத்தக்காரி இல்லை. என் அறையில் ஒரு நாற்காலி உண்டு. அதன் நிறம் என்னவென்று கேட்டால் துணியை எல்லாம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் இன்னொருவர் எழுதிய நிரலில் ஒரு வரி கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வியாதி இப்போது பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி வயதாகிக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது.

அது முற்றிப் போயிருந்த காலத்தில் எனக்கு இருபத்தைந்து வயது. கிள்ளானில் அம்மா வீட்டிலிருந்து தெலுக் பங்லிமா காராங்கிலுள்ள ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மினிமார்க்கெட்டுகளில் காய்கறியையும் மீனையும் நிறுத்து, எடை போட்ட லேபிளைத் துப்புமே, அந்த மெஷின் செய்யும் இடம். ஆறு மாதத் தற்காலிக வேலை. ஆறாவது மாதத்தில் முதலாளி மிஸ்டர் டான் பார்த்து, சரி என்றால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

என் வேலை என்னவென்று விளக்குவதற்குள் அன்று எனக்கு மூச்சு முட்டும். கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து எல்லாரிடமும் வேலை வாங்குவது அதுதான். ஆனால் வெளியில் இருக்கும் கருவிகள் பேசுவது அதற்குப் புரியாது. தராசுக்கும் அதற்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பழைய டிரைவர் நிரல்களைச் சுத்தம் செய்து புதிய கெர்னலில் ஓட வைப்பதுதான் என் வேலை. இதை ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். டிரைவர்களைத் திருத்துகிற வேலை என்று அம்மா புரிந்துகொண்டு, லோரி ஓட்டும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொதல்ல வீட்ல இருக்கிற டிரைவரத் திருத்துடி. என்னால முப்பது வருஷமா முடியல."

அப்பா பேப்பரை இறக்கவில்லை.

எங்கள் தராசு டிரைவரை எழுதியவர் சேகர் அண்ணன் என்று ஒருவர். நான் சேர்வதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டு சாலாக் செலாத்தானில் தோசைக் கடை போட்டுவிட்டார். (அவர் நிரலைப் படித்தால் சரியான முடிவுதான் எடுத்திருக்கிறார் என்று தோன்றும்.) ஒரே வேலையை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் செய்திருப்பார். எண்ணைப் போட்டு வைக்கும் ஒரு மாறிக்கு 'அது' என்று பெயர். இன்னொன்றுக்கு 'அதுவேதான்'. நான் ஒரு மாதம் உட்கார்ந்து தொள்ளாயிரம் வரியை நானூறாகக் குறைத்தேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு அசிங்கம். பட்டனை அமுக்கியதும் டிரைவர் தராசிலிருந்து எடையை வாங்கும். வாங்கியதை ஒன்றுமே செய்யாது. உடனே இன்னொரு முறை எடையை வாங்கி அதைத்தான் லேபிளுக்கு அனுப்பும். முதலில் வாங்கியது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர்கூட, இந்த எண்ணை வாங்கி வைத்திருக்கிறாயே, எங்கேயும் பயன்படுத்தவில்லையே என்று எச்சரிக்கை கொடுத்தது. அந்த வரிக்கு மேலே சேகர் அண்ணன் மலாய் மொழியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

ஜாங்கான் புவாங்.

ஜாங்கான் என்றால் வேண்டாம், புவாங் என்றால் தூக்கிப் போடுவது; சேர்த்தால் தூக்கிப் போடாதே என்று அர்த்தம். ஏன் தூக்கிப் போடக்கூடாது, போட்டால் என்ன ஆகும், ஒரு வார்த்தை இல்லை. காரணம் சொல்லாத குறிப்பு குறிப்பே இல்லை என்பது அன்று என் கொள்கை. வாங்கின எடையைத் தானே தூக்கிப் போட்டுவிட்டு எனக்குப் புத்தி சொல்கிறாரா என்று கோபம் வேறு. வரியையும் தூக்கினேன், குறிப்பையும் தூக்கினேன். 'பயனற்ற வரி நீக்கப்பட்டது' என்று என் பெயரோடு பதிவும் போட்டேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அதை மட்டும் யாராலும் நீக்க முடியாது.

சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தேநீர் போடும் பேன்ட்ரியிலிருந்து ஒரு கிலோ சீனிப் பொட்டலம் எடுத்துவந்து தராசில் வைத்தேன். முதல் தடவை பூஜ்யம் என்று வந்தது. மெஷின் சூடாகவில்லை போல என்று மறுபடி அமுக்கினேன். ஒரு கிலோ. எடுத்து வைத்து மறுபடி அமுக்கினேன். ஒரு கிலோ. இப்படிப் பத்துத் தடவை. பத்துத் தடவையும் அதே சீனி, அதே ஒரு கிலோ. இதில் என்ன கோளாறு என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். எனக்குப் புரிய ஒரு கடைத் திறப்பு விழா தேவைப்பட்டது.

கிள்ளானில் செல்லையா அங்கிள் புதிதாக ஒரு மினிமார்க்கெட் திறந்தார். எங்கள் மெஷின் ஒன்றைத் திறப்பு நாளில் வைத்துப் பார்ப்பார், பிடித்தால் அவருடைய மற்றக் கடைகளுக்கும் வாங்குவார் என்று ஏற்பாடு. இது நல்லபடியாக முடிந்தால் திங்கட்கிழமை உன் நிரந்தரக் கடிதம் என்று மிஸ்டர் டான் சொல்லிவிட்டார். நான் அதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அம்மா அதை எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று சாலைக்குச் சொல்லிவிட்டாள்.

காலையில் அங்கிள் சாமி கும்பிட்டுவிட்டு, முதல் நிறுவையாக ஒரு கிலோ சர்க்கரையைத் தராசில் வைத்தார். லேபிள் பூஜ்யம் என்று வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பெனிச் சட்டையைச் சரிசெய்துகொண்டே, கொஞ்சம் சூடாகணும் அங்கிள் என்றேன். மறுபடி அமுக்கினார். ஒரு கிலோ. அவர் முகம் மலர்ந்தது. மிஸ்டர் டான் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் வேலை வாழ்க்கையின் உச்சம் அதுதான் என்று அப்போது தெரியாது.

கூட்டம் வந்தது. தராசில் இருந்த அக்கா வைப்பதும் அமுக்குவதும் ஒட்டுவதுமாக இருந்தார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு அரைமணி நேரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். ஜனங்கள் அநியாயத்துக்கு மரியாதையாக இருந்தார்கள். கொத்துமல்லித் தழை ஒரு பிடி வைத்திருந்த ஒரு ஆன்டியை நாலு பேர் நீங்க முன்னால போங்க, நீங்க முன்னால போங்க என்று வழிவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்க லேசாக இடித்துக்கொண்டார்கள். பச்சை மிளகாய் வாங்கிய ஒரு பையனுக்கும் அதே உபசாரம். ஆனால் பெரிய பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு அங்கிள் வந்து வரிசையில் நின்றதும், அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேறு ஏதோ வாங்க வேண்டியது ஞாபகம் வந்துவிட்டது. நம் கிள்ளான் மக்களுக்கு எவ்வளவு பண்பு என்று நான் நெகிழ்ந்துபோய் நின்றேன்.

பண்பு ஒன்றும் இல்லை. என் மெஷின் ஒவ்வொருவருக்கும் அவருக்கு முன்னால் நின்றவரின் எடையைப் போட்டுக்கொண்டிருந்தது. முன்னால் மல்லித் தழை போனால், பின்னால் வரும் இரண்டு கிலோ கோழிக்கு மல்லித் தழையின் எடை. அதை ஜனங்கள் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கடையில் அன்று விஷயம் தெரியாத ஆட்கள் நான், மிஸ்டர் டான், செல்லையா அங்கிள், ஓட்டத்தில் லேபிளைப் பார்க்கவே நேரமில்லாத அந்த அக்கா, அப்புறம் அந்தப் பூசணிக்காய் அங்கிள்.

ஆறாவதாக அம்மா வந்தாள்.

பட்டுச்சேலை. கூடவே பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா. அம்மா நேராகக் காய்ந்த நெத்திலிப் பக்கம் போய் ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக்கொண்டு தராசுக்கு வந்தாள். பூசணிக்காய் அங்கிளுக்குப் பின்னால் ஈ காக்கை இல்லை. வரிசையே இல்லையே, நல்ல நேரம் என்று அம்மா போய் நின்றாள். பூசணிக்காய்க்கு, அவருக்கு முன்னால் போனவருடைய எலுமிச்சம்பழ எடை விழுந்தது. அவர் ஒன்றும் புரியாமல் சந்தோஷமாகப் போய்விட்டார். அடுத்து அம்மாவின் நெத்திலி.

தராசில் இருந்த அக்கா லேபிளை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சத்தமாகவே படித்தார். ஆறு கிலோ இருநூற்று நாற்பது கிராம்.

மிஸ்டர் டான் நெத்திலியைப் பார்த்தார். செல்லையா அங்கிள் மிஸ்டர் டானைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் கோளாறு விளங்கியது என்று சொல்லவில்லை, மகள் மாட்டிக்கொண்டாள் என்பது விளங்கியது. அம்மா அந்தப் பொட்டலத்தை, ஒரு கையில் அடங்கிவிடும் அதை, இரண்டு கையாலும் தூக்கினாள். முதுகை லேசாக வளைத்தாள்.

"கனமாத்தான் இருக்கு," என்றாள்.

நிலம் பிளந்து உள்ளே போக வேண்டும் என்பார்களே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போய் அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கி வைக்க வேண்டும் போல் இருந்தது. அவமானமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் லெட்சுமி அக்கா தன் இரண்டு கிலோ ஆட்டிறைச்சியை வைத்து, நெத்திலியின் எடையை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் காசு கட்டும் இடத்துக்கு வேகமாகப் போனார். முட்டி வலி என்று மாதம் முழுக்கச் சொல்கிறவர்.

மிஸ்டர் டான் மெஷினின் சுவிட்சை அணைத்தார். செல்லையா அங்கிள் உள்ளே போய் ஒரு பழைய முள் தராசை எடுத்துவந்து துடைத்து வைத்தார். நான் பின்பக்கம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று, சேகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தோசைக்கல் சத்தமும் கடைக்கு வந்தவர்கள் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

"அந்தத் தராசுல இருக்கிற சிப் மொத தடவை கேட்டா போன தடவை எடுத்து வச்சதத்தான் தரும்மா. அத வாங்கி ஓரமாப் போட்டுட்டு, ரெண்டாவது தடவை கேக்கணும். ரெண்டு மசாலா, ஒரு தே தாரிக், அண்ணே, வரேன் வரேன். அதான் எழுதி வச்சேனே, நீ பாக்கலியா?"

"பாத்தேன் அண்ணே. ஏன்னு எழுதலையே."

"தூக்கிப் போடாதேன்னு எழுதினா தூக்கிப் போடக்கூடாதும்மா. அதுக்கு மேல என்ன லா எழுதணும்?"

உருளைக்கிழங்கு மூட்டை மேல் மடிக்கணினியை வைத்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. மெஷின் ஒழுங்காக நிறுத்தது. பார்க்கத்தான் யாரும் இல்லை. செல்லையா அங்கிள் மரியாதையாகவே சொன்னார், இன்னிக்குப் பழைய தராசே இருக்கட்டும்மா என்று. அந்த 'இன்னிக்கு' இன்றுவரை முடியவில்லை.

மிஸ்டர் டான் காரில் திரும்பினோம். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போதுதான், உனக்கு அவ்வளவு சுத்தம் செய்ய ஆசையாக இருந்தால் பேன்ட்ரியில் பாத்திரம் கிடக்கிறது என்றார். திங்கட்கிழமை கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. தற்காலிகம் இன்னும் மூன்று மாதம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அந்த மூன்று மாதமும் நான் பாத்திரம் கழுவினேன், நிரலில் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. அப்புறம்தான் வேலையை உறுதி செய்தார்கள், ஏறக்குறையப் பரிதாபப்பட்டு.

திறப்பு விழா நடந்த அன்று வீட்டில் அப்பாவும் அம்மாவும் எதிரே உட்கார்ந்து கேட்க, நடந்ததை முழுக்கச் சொன்னேன். சேகர் அண்ணன் எழுதி வைத்திருந்த குறிப்பையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் வார்த்தை தெளிவாக வரவில்லை போலிருக்கிறது. அம்மாவின் கண் பெரிதாகிவிட்டது.

"என்னது, ஜாங்கான் புவனாவா? நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே உன் பேரப் போட்டு எழுதி வச்சிருக்காரேடி மனுஷன். அப்பறமும் ஏன் தொட்ட?"

அப்பா அன்றுதான் பேப்பரை இறக்கினார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்து, அம்மா தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. என் பெயர் புவனேஸ்வரி. அதைச் சுருக்கிப் புவனா என்று கூப்பிடுவதைத் தவிர இதில் என் பெற்றோர் செய்த தவறு எதுவும் இல்லை.

அத்தோடு என் கதை முடிந்தது. இன்று எனக்குக் கல்யாணமாகிப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். குளிர்பெட்டியைச் சுத்தம் செய்யப் போனால் என் கணவர் ஜாங்கான் புவனா என்கிறார். அவருடைய தங்கை சொல்கிறாள். போன வருடம் என் நாலு வயது மகன் அவனுடைய உடைந்த பொம்மை லோரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. வேலையிலும் அப்படித்தான். காரணம் தெரியாத ஒரு வரியைப் பார்த்தால் இப்போது ஒரு பெருமூச்சு விட்டு, அதை எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்கிறேன். அந்தத் தராசு டிரைவரில் ஜாங்கான் புவாங் என்ற குறிப்புக்குக் கீழே பன்னிரண்டு வரியில் விளக்கம் எழுதியிருக்கிறேன். அதை யாரும் படிப்பதில்லை.

போன மாதம் தீபாவளிக்கு முன்னால் அம்மா வீட்டில் சமையலறைக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று போயிருந்தேன். அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது நெத்திலி டின் கைக்கு வந்தது. விளிம்பெல்லாம் துரு. மூடி சரியாக உட்காராது. முன்பக்கத்தில் அந்த லேபிள் ஒட்டியிருந்தது. அந்த மாதிரி லேபிளில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும் என்று எனக்குத் தெரியும், நான் செய்த மெஷின்தானே. ஆனால் எண் பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு வருடமும் பேனாவால் அதன் மேலேயே எழுதி எழுதித் தடிப்பாக்கியிருக்கிறாள். ஆறு கிலோ இருநூற்று நாற்பது கிராம்.

நான் குப்பைப் பையை இன்னும் திறக்கக்கூட இல்லை. அம்மா கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"ஜாங்கான் புவனா."

டின்னைப் பழைய இடத்திலேயே வைத்தேன். வைப்பதற்கு முன் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு பிடி நெத்திலிகூட இருக்காது. கனமாகத்தான் இருந்தது.